டீஸ்பூனிலிருந்து கிராமுக்கு: வாசனை இலைகளை எடைக்கு மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே மூலிகை என்று சொல்வதெல்லாம் சமையலில் வாசனைக்காகப் போடும் இலைகளைத்தான்: கொத்தமல்லி, புதினா, பேசில், பார்ஸ்லி, தைம், ரோஸ்மேரி, ஆரிகானோ, டில் மாதிரி. பச்சையாகவும் இருக்கும், உலர்ந்தும் இருக்கும். மருந்துக்காக எடுக்கும் மூலிகைகளைப் பற்றிக் கடைசிப் பக்கம் ஒரு கேள்வி இருக்கிறது, அதையும் தயவுசெய்து படித்துவிடுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், ஒரு டீஸ்பூன் உலர்ந்த இலை எத்தனை கிராம்?

பெரும்பாலும் அரை கிராமிலிருந்து ஒன்றேகால் கிராமுக்குள். அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிடும் உணவுச் சத்து அட்டவணையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு டீஸ்பூன் என்ன எடை என்று கொடுத்திருப்பார்கள், நான் தொடங்கியது அதிலிருந்துதான். தலை வழித்த, அதாவது விளிம்போடு மட்டமாக வழித்துவிட்ட, ஒரு டீஸ்பூனுக்கு:

உலர் பார்ஸ்லி 0.5 கிராம்
உலர் புதினா 0.5 கிராம்
உலர் கொத்தமல்லி இலை 0.6 கிராம்
உலர் பேசில் 0.7 கிராம்
உலர் தைம் 1 கிராம்
உலர் ஆரிகானோ 1 கிராம்
உலர் ரோஸ்மேரி 1.2 கிராம்

எதுவும் தெரியாத ஒரு இலை கையில் இருக்கிறது, அவசரம் என்றால், மெல்லிய இலைக்கு அரை கிராம், தடித்த இலைக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். வீட்டுச் சமையலுக்கு அது போதும்.

ஒரே இலைக்கு ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு எண் போட்டிருக்கிறார்களே, எது சரி?

பல சமயம் எல்லாமே சரி. ஸ்பூனில் நாம் அளப்பது இலையை மட்டும் இல்லை, இலைக்கு நடுவில் இருக்கும் காற்றையும் சேர்த்துத்தான். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம் இருக்கும், அதே ஸ்பூனில் உலர் பார்ஸ்லி அரை கிராம்தான். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். பார்ஸ்லி இலை சருகு மாதிரி மடங்கி, சுருண்டு, ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் படியாமல் நிற்கிறது, ஸ்பூனில் பெரும்பகுதி வெற்றிடம்.

ரோஸ்மேரியை ஒரு ஸ்பூனில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி ஊசியாக இருக்கும் இலைகள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்திருக்கும், சில ஊசிகள் ஸ்பூனின் விளிம்புக்கு வெளியே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தலை வழிப்பது என்றால் என்ன? கத்தியால் வழித்தால் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி தன்னோடு இன்னும் நான்கை இழுத்துக்கொண்டு விழும். வழிக்காவிட்டால் அது குவித்த அளவு. அதே அட்டவணையிலேயே ரோஸ்மேரிக்கு டீஸ்பூன் 1.2 கிராம், டேபிள்ஸ்பூன் 3.3 கிராம் என்று இருக்கிறது. மூன்று டீஸ்பூன் ஒரு டேபிள்ஸ்பூன் என்ற கணக்குப்படி 3.6 வர வேண்டும், வரவில்லை. ஸ்பூன் மாறினால் இலை உட்காரும் விதமும் மாறுகிறது.

இதோடு ஜாடியைக் குலுக்கினோமா, அடியில் தூள் தங்கியிருக்கிறதா, இலையை எவ்வளவு பொடியாக நொறுக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் சேரும். ஜாடியின் மேல்பகுதியில் எடுத்த ஒரு ஸ்பூனும் அடிப்பகுதியில் எடுத்த ஒரு ஸ்பூனும் ஒரே எடை இருக்காது. அதனால் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் போட்டு 0.83 கிராம் என்று யாராவது எழுதியிருந்தால் அந்தத் துல்லியத்தை நம்ப வேண்டாம், அந்த அளவு உறுதி அந்தப் பொருளிலேயே கிடையாது.

டீஸ்பூன், டேபிள்ஸ்பூன், கப் எல்லாம் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே?

டீஸ்பூன் ஏறக்குறைய ஒன்றுதான், 5 மி.லி. டேபிள்ஸ்பூன் பெரும்பாலான இடங்களில் 15 மி.லி., ஆனால் ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 20 மி.லி., அதாவது நான்கு டீஸ்பூன். கப் இன்னும் மோசம்: அமெரிக்கக் கப் சுமார் 237 மி.லி. (அங்கே உணவுப் பொட்டல லேபிள்களுக்கு 240 என்று வைத்திருக்கிறார்கள்), மெட்ரிக் கப் 250, ஜப்பானியக் கப் 200, பழைய பிரிட்டிஷ் கப் 284. குறிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு மாற்றத் தொடங்குங்கள்.

சாப்பிடும் ஸ்பூனையும் தேநீர் கலக்கும் ஸ்பூனையும் அளவு ஸ்பூனாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகம் இருந்தால் அந்த ஸ்பூனில் தண்ணீர் நிரப்பி எடை போடுங்கள், தண்ணீர் ஒரு மி.லி. ஒரு கிராம். ஒரு ஸ்பூன் நிரப்பினால் கை ஆடும், பத்து ஸ்பூன் ஊற்றிப் பத்தால் வகுத்தால் கணக்கு சரியாக வரும்.

குறிப்பில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் தலை வழித்த அளவு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வழக்கத்தை விடாமல் வலியுறுத்திப் பரவச் செய்தவர் ஃபேனி ஃபார்மர் என்ற அமெரிக்கச் சமையல் ஆசிரியை, அவருடைய நூல் 1896-ல் வந்தது. அதற்கு முன் குவித்த ஸ்பூன், தாராளமான ஸ்பூன் என்றெல்லாம் மனம் போனபடி எழுதிக்கொண்டிருந்தார்கள். திரவத்துக்கும் மாவுக்கும் அவர் வழி அழகாகப் பொருந்துகிறது. இலைக்குப் பாதிதான் பொருந்துகிறது.

பச்சை இலை ஒரு கப் என்றால் எத்தனை கிராம்?

நறுக்கியதா, முழுசா என்பதுதான் முதல் கேள்வி. அதைச் சொல்லாத குறிப்பு அரைகுறைக் குறிப்பு.

நறுக்கிய பார்ஸ்லி ஒரு கப் 60 கிராம். முழுத் தழையாகப் போட்ட கொத்தமல்லி ஒரு கப் 16 கிராம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இலைதான், ஆனால் ஒன்று கத்தியின் கீழ் போய் வந்திருக்கிறது, மற்றது போகவில்லை. டில் மாதிரி நூலிழை இலை என்றால் தழையாக ஒரு கப் 9 கிராம்கூட வராது. பேசிலை முழு இலையாகக் கப்பில் போட்டால் 24 கிராம், நறுக்கிப் போட்டால் 42 கிராம் பக்கம் வரும். இலை அதேதான், கப் அதேதான், கத்தி மட்டும் நடுவில் வந்தது.

அமுக்கி அளப்பது இன்னொரு விஷயம். அமுக்கிய ஒரு கப் என்று எழுதியிருந்தால் எவ்வளவு அமுக்குவது என்று யாருக்கும் தெரியாது. பெருவிரலால் லேசாகத் தட்டினால் ஒரு எடை, உள்ளங்கையை வைத்து அழுத்தினால் வேறு எடை. அரைத்துச் செய்கிற சாஸ், துவையல் மாதிரி இலையே முக்கியப் பொருளாக இருக்கிற இடத்தில் இந்த வித்தியாசம் நேராக வாயில் தெரியும். அங்கே கிராமில் எழுதாத குறிப்பை நான் பின்பற்றுவதே இல்லை. ஒரு முறை என் கைப்படி செய்து, பிடித்திருந்தால் அந்த எடையைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த முறையிலிருந்து அதன்படி போகிறேன்.

அப்புறம் ஈரம். கழுவிய இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீரும் தராசில் ஏறும். சுருள் பார்ஸ்லியும் புதினாவும் மடிப்புக்குள் நிறையத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒன்று, கழுவுவதற்கு முன் எடை போடுங்கள், இல்லாவிட்டால் துணியில் பரப்பி நன்றாக ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள். தண்டை நீக்கியபின்தான் எடை போட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனால் மறந்துபோகிறது.

பச்சை இலை மூன்று பங்குக்கு உலர் இலை ஒரு பங்கு என்கிறார்களே, அதை எடைக்கும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்றுக்கு ஒன்று என்பது ஸ்பூன் கணக்கு. நறுக்கிய பச்சை இலை ஒரு டேபிள்ஸ்பூன் என்று இருந்தால் உலர் இலை ஒரு டீஸ்பூன் போடு, சுவை ஏறக்குறைய ஒன்றாக வரும், அவ்வளவுதான் அது சொல்கிறது. அதை எடையாக்கிப் பாருங்கள். பார்ஸ்லி: பச்சை ஒரு டேபிள்ஸ்பூன் 3.8 கிராம், உலர்ந்தது ஒரு டீஸ்பூன் 0.5 கிராம், ஆக ஏழரை மடங்கு. பேசில்: 2.6 கிராமுக்கு 0.7, ஏறக்குறைய நான்கு மடங்கு. தைம்: 2.4 கிராமுக்கு 1, இரண்டரை மடங்குக்கும் சற்றுக் குறைவு. ரோஸ்மேரி: 1.7 கிராமுக்கு 1.2, ஒன்றரை மடங்குகூட இல்லை. ஒரே விதி, நான்கு இலை, நான்கு வேறு எடை விகிதம்.

காரணம் நீர். பச்சை பேசிலிலும் கொத்தமல்லியிலும் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர், பார்ஸ்லியில் 88 பங்கு பக்கம். தைமில் 65 பங்குதான், ரோஸ்மேரியில் 68. 100 கிராம் பேசிலை உலர்த்தினால் கையில் மிஞ்சுவது 9 கிராம் பக்கம், 100 கிராம் தைமை உலர்த்தினால் 35 கிராமுக்கு மேல் நிற்கும். பேசில் காய்ந்து சுருங்கிச் சருகாகிறது, ரோஸ்மேரி காய்ந்தாலும் உருவம் பெரிதாக மாறுவதில்லை.

அப்படியென்றால் உலர்த்திய கணக்கையே விகிதமாக எடுத்துக்கொள்ளலாமே, 100 கிராம் பேசிலுக்கு 9 கிராம் உலர் பேசில் என்று? அதுவும் சரிப்படாது. உலரும்போது தண்ணீர் மட்டும் போவதில்லை, வாசனை எண்ணெயும் கொஞ்சம் போகிறது. பேசில், கொத்தமல்லி, பார்ஸ்லி இந்த மூன்றும் உலர்ந்தால் வாசனையை நிறைய இழப்பவை, அதனால் கணக்கில் வருவதைவிடக் கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது. தைம், ஆரிகானோ, ரோஸ்மேரி வாசனையை நன்றாகக் காப்பாற்றுபவை. கொத்தமல்லியைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது: உலர் கொத்தமல்லி இலை பச்சைக்கு மாற்றே கிடையாது, எத்தனை கிராம் போட்டாலும். பச்சைக் கொத்தமல்லி இல்லை என்றால் வேறு இலையை யோசியுங்கள்.

ஆக வழி இதுதான். பச்சையிலிருந்து உலருக்குப் போகும்போது முதலில் ஸ்பூனில் மாற்றுங்கள், அப்புறம் அந்த உலர் ஸ்பூனைக் கிராமாக்குங்கள். கிராமிலிருந்து கிராமுக்கு நேராக மூன்றால் வகுத்தால் ரோஸ்மேரியில் பாதி வாசனைகூட வராது, பார்ஸ்லியில் இரண்டு மடங்குக்கு மேல் விழும்.

இலைக்குப் பதில் பொடி இருக்கிறது, அதே ஸ்பூன் போடலாமா?

வேண்டாம். உலர் தைம் இலை ஒரு டீஸ்பூன் 1 கிராம், தைம் பொடி 1.4 கிராம். பேசில் இலை 0.7, பொடி 1.4, சரியாக இரண்டு மடங்கு. ஆரிகானோ இலை 1, பொடி 1.8.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பெரிய சூப் பானையில். நாலு பேருக்கு ஒரு டீஸ்பூன் உலர் ஆரிகானோ என்பது குறிப்பு, நாற்பது பேருக்குப் பத்து டீஸ்பூன் என்று பெருக்கினேன், பெருக்கல் சரிதான். ஆனால் அன்று கையில் இருந்தது பொடி. பத்து கிராம் போக வேண்டிய இடத்தில் பதினெட்டு கிராம் போயிற்று. முதல் வாயிலேயே நாக்கின் இரண்டு ஓரத்திலும் கசப்பு ஏறி அங்கேயே நின்றது. தண்ணீரும் தக்காளியும் சேர்த்து அதை ஓரளவு தணிக்க முடிந்தது, ஆனால் அன்று சாப்பிட வந்தவர்களுக்கு நான் கொடுக்க நினைத்த சூப் அது இல்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றத் தொடங்கினேன். எடையில் பார்த்தால் பத்து கிராம் இலையும் பத்து கிராம் பொடியும் ஒரே அளவு பொருள்தான். பொடி சீக்கிரம் சாறை இறக்கும் என்பதால் நான் பொடியை இன்னும் கொஞ்சம் குறைத்துப் போட்டு, கடைசியில் சுவை பார்த்துச் சேர்ப்பேன்.

என் தராசு ஒரு கிராம் வாரியாகத்தான் காட்டுகிறது, அரை கிராமை எப்படி நிறுப்பது?

நேராக நிறுக்க முடியாது, ஆனால் சுற்றுவழி உண்டு. இருபது டீஸ்பூன் எடுத்து ஒரே கிண்ணத்தில் போட்டு எடை பாருங்கள், வந்ததை இருபதால் வகுங்கள். தராசு ஒரு கிராம் தவறினாலும் ஒரு ஸ்பூனுக்கு அந்தத் தவறு 0.05 கிராம்தான். எடை பார்த்த இலையை அப்படியே ஜாடிக்குத் திருப்பிவிடலாம், ஒன்றும் வீணாகாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். கிண்ணத்தை வைத்து டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, உலர் இலையை ஒவ்வொரு ஸ்பூனாக மெதுவாகத் தூவுகிறீர்கள். ஐந்து ஸ்பூன் போட்டாகிவிட்டது, திரையில் இன்னும் 0. தராசு பழுது என்று நினைப்பீர்கள். பழுது இல்லை. பல மின்னணுத் தராசுகள் பூஜ்ஜியத்தில் நிற்கும்போது மெல்ல ஏறும் சிறு எடையைத் தானாக ஏற்பட்ட நகர்வு என்று எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பூஜ்ஜியமாக்கிவிடும். இதற்கு வழி: பூஜ்ஜியமாக்காதீர்கள். கிண்ணத்தின் எடை 142 என்று காட்டினால் அதைக் குறித்துக்கொண்டு, இலையைப் போட்டு முடித்தபின் காட்டும் எண்ணிலிருந்து 142-ஐக் கழியுங்கள். இல்லாவிட்டால் இலையை வேறு பாத்திரத்தில் சேர்த்துவைத்து ஒரே தடவையில் கொட்டுங்கள்.

அடிக்கடி இந்த வேலை இருப்பவர்கள் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. 0.01 கிராம் தராசு சமையலுக்குத் தேவையில்லை, மின்விசிறிக் காற்றுக்கே அதன் எண் ஆடிக்கொண்டிருக்கும்.

எனக்கென்று ஒரு அட்டவணை போட்டுக்கொள்வது எப்படி?

உங்கள் ஸ்பூன், உங்கள் ஜாடி, உங்கள் கை. இந்த மூன்றுக்கும் பொருந்தும் எண்ணை வேறு யாரும் உங்களுக்குத் தர முடியாது. ஒரு ஓய்வு நாளில் இருக்கிற ஜாடிகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு தடவை கவிழ்த்து நிமிர்த்திக் கலக்கிவிட்டு, நீங்கள் வழக்கமாக எப்படி அள்ளுவீர்களோ அப்படியே இருபது ஸ்பூன் அள்ளி எடை போடுங்கள். கவனமாக அள்ள முயற்சி செய்யாதீர்கள், வழக்கம்தான் முக்கியம். வந்த எண்ணைச் சீட்டில் எழுதி ஜாடி மேலேயே ஒட்டிவிடுங்கள்: தைம், இலை, டீஸ்பூன் 1.1 கிராம் என்று. ஜாடி தீர்ந்து புதிது நிரப்பும்போது இன்னொரு தடவை பாருங்கள், ஏனென்றால் அடுத்த பொட்டலம் இதைவிடப் பொடியாகவோ பெரிதாகவோ நொறுக்கியிருக்கலாம். ஜாடியில் ஈரம் ஏறியிருந்தால் எடையும் ஏறியிருக்கும்.

விதைகளுக்கும் இதே எண்தானா?

இல்லை, விதை கனம், நன்றாகப் படிந்தும் உட்காரும். கொத்தமல்லி விதை டீஸ்பூன் 1.8 கிராம், சீரகம் 2.1, சோம்பு 2, வெந்தயம் 3.7. கொத்தமல்லியிலேயே இலைக்கும் விதைக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள், குறிப்பில் வெறுமனே மல்லி என்று இருந்தால் எது என்று தெளிவுபடுத்திக்கொள்ளாமல் மாற்ற வேண்டாம்.

சிட்டிகை, கைப்பிடி, கட்டு என்று இருந்தால்?

சிட்டிகையை எடைக்கு மாற்ற வேண்டாம், அது சுவை பார்த்துப் போடச் சொல்வது. கைப்பிடியை உங்கள் கையால் ஒரு தடவை எடை போட்டு அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டு என்பது அளவே இல்லை. விற்கிறவர் கட்டுவது, தண்டு நீக்கினால் பாதி நிற்காத கட்டும் உண்டு. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த உணவு எத்தனை பேருக்கு, இலை அதில் வாசனைக்கா அல்லது முக்கியப் பொருளா என்று பார்த்து நீங்களே ஒரு எடை முடிவு செய்யுங்கள்.

அவுன்ஸ் என்று போட்டிருந்தால் எடையா, கொள்ளளவா?

இரண்டுக்கும் அதே பெயர் இருப்பதுதான் தொல்லை. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் 29.57 மி.லி., இது அமெரிக்க அளவு. இலைக்கு அவுன்ஸ் என்று எழுதியிருந்தால் ஏறக்குறைய எப்போதும் எடைதான். ஒரு அவுன்ஸ் உலர் பேசில் என்பது நாற்பது டீஸ்பூன், ஏறக்குறைய ஒரு கப். அதைத் திரவ அவுன்ஸாக நினைத்து இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டால் ஏழில் ஒரு பங்குதான் விழும்.

மருந்துக்காக எடுக்கும் மூலிகையை இந்தக் கணக்கில் அளக்கலாமா?

கூடாது. மேலே உள்ள எண்கள் எல்லாம் சுவைக்கானவை, பாதிக்குப் பாதி தவறினாலும் கெடுவது ஒரு வேளைச் சாப்பாடுதான். மருந்தில் அப்படி இல்லை. அங்கே அளவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், அவர் கிராமில் சொன்னால் கிராமில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்பூனில் சொன்னால் எந்த ஸ்பூன், இலையா பொடியா, எத்தனை கிராம் என்று கூச்சப்படாமல் திரும்பக் கேளுங்கள்.

ஜாடியில் இருக்கும் இலை பழசு, எடையைக் கூட்டிப் போட்டால் சரியாகிவிடுமா?

கொஞ்சம் வரைக்கும் ஆகும். பழசானாலும் இலையின் எடை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், போனது வாசனை. தராசு அதைக் காட்டாது. ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் போட்டுப் பெருவிரலால் கசக்கி முகர்ந்து பாருங்கள். வாசனை எழுந்தால் போட வேண்டிய எடையையே போடுங்கள். மங்கலாக இருந்தால் ஒன்றரை மடங்கு போடலாம். காய்ந்த புல் வாசனை மட்டும் வந்தால் எத்தனை கிராம் போட்டாலும் புல்தான் சேரும், ஜாடியைக் காலி செய்துவிட்டுப் புதிது நிரப்புங்கள், நிரப்பிய தேதியையும் சீட்டில் எடைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.